உறங்கும் கணினி: மிச்சமும் சங்கடமும்

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் முதல் வாரம். தில்லி நகரத்தைக் கண் எரியும் புகைமூட்டம் சூழ்ந்திருந்த நாட்கள். கிட்வாய் நகரில் உள்ள எங்கள் கிளையின் கதவு திறப்பதற்கு முன்பே முதியோர் வரிசையொன்று வாசலில் நின்றிருந்தது. ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிருடன் இருப்பதை மெய்ப்பிக்கும் சான்றிதழை ஆண்டுதோறும் நவம்பரில் அளிக்க வேண்டும் என்பது வாசகர்கள் அறிந்ததே. ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கிய இப்பகுதி அரசு ஊழியர் குடியிருப்பாக உருவானது. ஆகவே இங்குள்ள எந்த வங்கிக் கிளைக்கும் நவம்பர் என்பது திருவிழாக் காலத்தைப் போன்றது.

சான்றிதழைத் தாளில் அளிப்பது பழைய முறை. 2014 நவம்பரில் தொடங்கப்பட்ட ‘ஜீவன் பிரமாண்’ திட்டத்தின்படி, ஆதார் எண்ணைச் சொல்லி விரல் ரேகையைப் பதித்தால் கணினி வழியாகவே சான்றிதழ் உருவாகிவிடும். ஓய்வூதியம் வழங்கும் வங்கி வேறாகவும் ஊர் வேறாகவும் இருப்போருக்கு இது பெரிய வரம். இதற்கென எங்கள் மேசையொன்றில் கணினியையும் சிறிய விரல் ரேகைக் கருவியையும் வைத்திருந்தோம்.

முதல் நாள் காலை ஏழெட்டுப் பேருக்குத் தடையின்றி வேலை முடிந்தது. பதினொரு மணிக்கு மேல் வந்தவர்களுக்கு ரேகை பதியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வருமாறு சொன்னோம். கட்டைவிரலை விட்டு ஆள்காட்டி விரலை வைக்கச் சொன்னோம். பிறகு, “வயதாகிவிட்டால் ரேகை தேய்ந்துவிடும் ஐயா, நாளை வந்து பாருங்கள்” என்று அனுப்பிவைத்தோம். முதியோரின் ரேகை தேய்வது உண்மையே. அதனால் எங்கள் விளக்கத்தை நாங்களே நம்பினோம். எங்கள் வங்கியில் ஓய்வூதியம் பெறுவோரிடம் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சமாளித்தோம். மற்றவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

அவர்களுள் ஒருவர் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த பெரியவர். இரயில்வேயின் சமிக்ஞைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், மகள் வீட்டில் தங்கியிருந்தார். அவருடைய ஓய்வூதியக் கணக்கு திருச்சியில் வேறொரு வங்கியில் இருந்தது. இரண்டு நாட்கள் வந்து இரண்டு நாட்களும் வெறுங்கையோடு திரும்பினார். மூன்றாம் நாள் மேசையின் முன் அமர்ந்தவர், விரலை வைப்பதற்கு முன் கருவியையே சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். “தம்பி, முதல் நாள் எனக்கு முன்னால் நின்றவர் விரல் வைத்தபோது இதில் சிவப்பு விளக்கு எரிந்தது. இப்போது எரியவில்லையே. விளக்கே எரியாதபோது என் விரலைக் குறை சொல்வானேன்?” என்று கேட்டார்.

எங்களிடம் மறுமொழி இல்லை. கருவியின் கம்பியைக் கழற்றி மீண்டும் செருகினோம். விளக்கு எரிந்தது. பெரியவரின் ரேகை முதல் தடவையிலேயே பதிந்தது.

அன்று மாலை வந்த பழுதுநீக்குநர் இரண்டு நிமிடங்களில் காரணத்தைக் காட்டினார். கணினியின் அமைப்புகளுக்குள் அந்த யுஎஸ்பி துளைக்குரிய பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. ‘மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இக்கருவியை அணைத்துவைக்கக் கணினிக்கு அனுமதி உண்டு’ என்பது அதன் பொருள். அதில் சரிக்குறி இடப்பட்டிருந்தது. நாங்கள் இட்டதன்று. கணினி வந்தபோதே அப்படித்தான் வந்தது. வரிசையில் சிறிது இடைவெளி விழுந்ததும் கணினி கருவியை உறங்கவைத்துவிட்டது. மறுபடி எழுப்ப முயன்றபோது எங்கள் கருவி எழவில்லை. இதில் சேமிக்கப்பட்ட மின்சாரம் எவ்வளவு? யுஎஸ்பி துளையில் செருகும் இத்தகைய சிறு கருவி எடுத்துக்கொள்வது இரண்டரை வாட்டுக்கும் குறைவு. நாள் முழுவதும் எரிந்தாலும் ஐந்து நாட்களுக்கு ஒரு யூனிட்டைக்கூட எட்டாது. அதற்காக எத்தனை முதியவர்கள் புகைமூட்டத்தில் நடந்து வந்து திரும்பினார்கள் என்பதை எண்ணிப் பார்க்க எங்களுக்கு வெட்கமாகவே இருந்தது.

இந்த அனுபவத்தைக் கொண்டு மின்சேமிப்பு வசதிகளே வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாக வாசகர்கள் கருதிவிடக் கூடாது. கணினி சும்மா இருக்கும்போதும் மின்சாரம் உண்ணும் பொருள் என்பதை உலகம் உணர்வதற்கே காலம் பிடித்தது. 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ‘எனர்ஜி ஸ்டார்’ என்னும் முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதன்முதலில் முத்திரை பெற்றவை கணினிகளும் அவற்றின் திரைகளுமே. 1996ஆம் ஆண்டின் இறுதியில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து ‘ஏசிபிஐ’ என்னும் பொதுவிதியை வெளியிட்டன. கணினியின் எந்தப் பாகத்தை எப்போது உறங்கவைப்பது என்பதை இயங்குதளமே முடிவு செய்யும் வழி அதனால் பிறந்தது. நம் கிட்வாய் நகரிலிருந்து அதிகத் தொலைவில்லாத இராமகிருஷ்ணபுரத்து சேவா பவனில் இயங்கும் எரிசக்தித் திறன் செயலகம், 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2002இல் அமைந்தது. குளிர்பதனப் பெட்டியிலும் மின்விசிறியிலும் நாம் காணும் நட்சத்திர முத்திரை இச்செயலகம் வழங்குவதே.

மிச்சம் எவ்வளவு என்பதை ஒரு கணக்கால் பார்ப்போம். வணிகவியல் படித்தவர்களுக்குக் கணக்குப் போடாமல் இருப்புக்கொள்ளாது. மேசைக்கணினியும் திரையும் சேர்ந்து வேலையின்றி இருக்கும்போது 60 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாலை ஆறு மணிக்கு அணைக்காமல் விட்டுவிட்டுக் காலை எட்டு மணிக்கு வந்தால் 14 மணி நேரம். ஓர் இரவுக்கு 0.84 யூனிட். 300 இரவுகளுக்கு 252 யூனிட். ஒரு கிளையில் பன்னிரண்டு கணினிகள் என்றால் 3,024 யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீதம் 24,192 ரூபாய் யாருக்கும் பயனின்றிக் கரைகிறது. உறக்கநிலையில் அதே கணினிக்கு இரண்டு மூன்று வாட் போதும்.

வீடுகளில் இக்கணக்கு வேறு விதமாகக் கடிக்கும். தில்லியில் 2019 ஆகஸ்ட் முதல், மாதம் 200 யூனிட் வரை செலவிடும் வீடுகளுக்குக் கட்டணமில்லை என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. 201 முதல் 400 வரை பாதித் தள்ளுபடி, அதுவும் ஒரு வரம்புக்கு உட்பட்டது. மாதம் 190 யூனிட் செலவிடும் வீட்டில் 60 வாட் கணினி ஒன்று இரவில் 12 மணி நேரம் வீணாக எரிந்தால், முப்பது நாட்களில் 21.6 யூனிட் கூடும். கணக்கு 211ஐத் தாண்டும். ஒரு ரூபாயும் கட்ட வேண்டாத வீட்டிற்குக் கட்டணச் சீட்டு வந்து சேரும். தமிழகத்தில் இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் அங்கே இந்த எல்லைச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக இல்லை. ஆயினும் அங்கும் செலவு ஏறும்போது கட்டண வீதமும் ஏறுகிறது.

ஆக, உறக்கம் நல்லதே. சிக்கல் எங்கே எழுகிறது என்றால், உறக்கம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது ஒன்றன்று. ‘ஸ்லீப்’ என்னும் நிலையில் கணினி, செய்துகொண்டிருந்த வேலையை நினைவகத்திலேயே வைத்துக்கொள்கிறது. அந்த நினைவகத்திற்கு மட்டும் சிறிது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். எழுப்பினால் சில நொடிகளில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மின்சாரம் முற்றிலும் நின்றால் நினைவும் அழிந்துவிடும். மடிக்கணினியில் மின்கலம் இருப்பதால் அச்சமில்லை. யுபிஎஸ் இல்லாத மேசைக்கணினியை உறங்கவைத்துவிட்டுச் சாப்பிடச் சென்று, கோடைகால மின்தடையில் அரைநாள் வேலையை இழந்த சிறுதொழில் வாடிக்கையாளர்களை நாங்கள் அறிவோம். 2024 ஜூன் 19 அன்று தில்லியின் மின் தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. அத்தகைய நாட்களில் எந்த நொடியில் விசிறி நிற்கும் என்று யாராலும் சொல்ல இயலாது. ‘ஹைபர்னேட்’ என்பது இதனினும் ஆழ்ந்த உறக்கம். நினைவில் இருப்பதை வட்டில் எழுதிவைத்துவிட்டுக் கணினி முற்றிலும் அணைந்துவிடும். எழுவதற்குச் சற்றுத் தாமதமாகும். ஆனால் மின்தடையால் பாதிப்பு இல்லை.

மூன்றாவதாக ஒன்றுண்டு. அது பலரை ஏமாற்றுவது. 2012இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது ‘விரைவுத் தொடக்கம்’ என்னும் வசதி வந்தது. நாம் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணினி அணைகிறது என்றே எண்ணுகிறோம். ஆனால் இவ்வசதி இயங்கும்போது, இயங்குதளத்தின் மையப் பகுதி ஹைபர்னேட் முறையில் வட்டில் சேமிக்கப்படுகிறது. மறுநாள் அதே நிலை மீட்கப்படுகிறது. விரைவாகத் திறப்பது உண்மை. ஆனால் நேற்று ஒட்டிக்கொண்ட பழுதும் அப்படியே திரும்பி வரும். “ஒவ்வொரு நாளும் அணைத்துத்தான் போடுகிறேன், இருந்தும் அச்சுப்பொறி வேலை செய்யவில்லை” என்று முறையிடுவோரிடம் பழுதுநீக்குநர்கள் ‘ரீஸ்டார்ட்’ கொடுக்கச் சொல்வது இதனால்தான். ரீஸ்டார்ட் கொடுத்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அணைப்பதைவிட மறுதொடக்கமே முழுமையான ஓய்வு என்பது விந்தைதான். ஆனால் உண்மை.

வங்கி வாடிக்கையாளர்கள் தனியே கருத வேண்டிய ஒன்று, இணையவழிப் பணப் பரிமாற்றத்தின் நடுவே கணினி உறங்கிவிடுவது. கடவுச்சொல், பெறுபவர் விவரம், தொகை எல்லாவற்றையும் இட்டு, உறுதி செய்யும் பொத்தானை அழுத்திய பின் தொலைபேசி மணி அடிக்கிறது. பேசிவிட்டு வந்து பார்த்தால் திரை இருண்டிருக்கிறது. எழுப்பினால் ‘உங்கள் அமர்வு முடிந்துவிட்டது’ என்ற வாசகம். பணம் சென்றதா, இல்லையா? பலர் உடனே மீண்டும் நுழைந்து அதே தொகையை மறுபடி அனுப்பிவிடுகிறார்கள். நீங்கள் பொத்தானை அழுத்திய கணமே உங்கள் ஆணை வங்கியின் சேவையகத்தைச் சென்றடைந்திருக்கலாம். உங்கள் கணினி உறங்கியது சேவையகத்திற்குத் தெரியாது. அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நெஃப்ட் முறை 2019 டிசம்பர் முதலும் ஆர்டிஜிஎஸ் முறை 2020 டிசம்பர் முதலும் நாள் முழுவதும் இயங்குகின்றன. எனவே இரவு என்பதால் பணம் நின்றிருக்கும் என்று கருதவும் இடமில்லை. கணக்கு அறிக்கையைத் திறந்து பற்று விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மறுமுறை அனுப்ப வேண்டும். இருமுறை சென்ற பணத்தைத் திரும்பப் பெறுவது பெறுபவரின் மனத்தைப் பொறுத்தது. வங்கி கேட்கலாமே தவிர, அவர் இசைவின்றித் தானாக எடுத்துத் தந்துவிட இயலாது.

கவுன்டரின் இப்புறமும் இதே தொல்லை உண்டு. ஊழியர் எழுந்து பெட்டக அறைக்குச் சென்று திரும்புவதற்குள் கணினி உறங்கி, மைய வங்கி மென்பொருளோடு இருந்த தொடர்பு அறுந்துவிடும். மீண்டும் நுழைந்தால், ‘இப்பயனர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்’ என்று மென்பொருள் மறுக்கும். பழைய நுழைவை நீக்க வேறோர் அதிகாரி வர வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நிற்பவருக்கு, ஊழியர் சும்மா அமர்ந்திருப்பதாகவே தோன்றும். அவரைக் குறை சொல்ல மாட்டோம். அந்த இடத்தில் நின்றால் எங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

இத்தொல்லையிலிருந்து தப்புவதற்குச் சிலர் செய்யும் காரியம் தொல்லையைவிட ஆபத்தானது. உறக்கத்திலிருந்து எழும்போது கடவுச்சொல் கேட்கும் ஏற்பாட்டையே நீக்கிவிடுகிறார்கள். கடையில் பலர் கையாளும் கணினியிலும், நிறுவனத்தின் வங்கிக் கணக்கு திறக்கும் கணினியிலும் இப்படிச் செய்தால், பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெளியூர் செல்வதற்கு ஒப்பாகும். திரை அணைவது மின்சேமிப்புக்காக. திரை பூட்டிக்கொள்வது பாதுகாப்புக்காக. இரண்டும் ஒன்றாக நிகழ்வதால் ஒன்றெனத் தோன்றுகின்றன. முதலாவதை உங்கள் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவதில் கை வைக்க வேண்டாம்.

திறன்பேசிக்கும் இது பொருந்தும். 2015இல் ஆண்ட்ராய்டின் ஆறாம் பதிப்போடு, பேசி அசையாமல் கிடக்கும்போது செயலிகளை உறங்கவைக்கும் முறை வந்தது. மின்கலச் சேமிப்பை இயக்கினால் பின்னணியில் ஓடும் செயலிகளுக்கு மேலும் கட்டுப்பாடு விழும். வங்கிச் செயலியின் அறிவிப்பு தாமதமாகக்கூடும். குறுஞ்செய்தி தொலைபேசி வலையமைப்பின் வழியே வருவதால் அதற்கு இந்தத் தடை இல்லை. ஆகவே கணக்கில் பணம் எடுக்கப்பட்டால் குறுஞ்செய்தி வரும் ஏற்பாட்டை, செயலி இருக்கிறதே என்று எண்ணி நிறுத்திவிட வேண்டாம்.

வீட்டு இன்வெர்ட்டர் பற்றியும் ஒரு சொல். இக்காலத்துத் திறன்மிகு மேசைக்கணினிகளின் மின்வழங்கிகள் பலவற்றில், மின்சாரத்தை வீணாக்காமல் சீராக எடுத்துக்கொள்ளும் சுற்று ஒன்று இருக்கிறது. மலிவான இன்வெர்ட்டர் தரும் சதுர அலை மின்சாரத்தோடு அத்தகைய மின்வழங்கி சில வேளைகளில் ஒத்துப்போவதில்லை. மின்தடையின்போது விளக்கும் விசிறியும் ஓடும். கணினி மட்டும் அணைந்து மறுபடி தொடங்கும். கணினியில்தான் குற்றம் என்று கடைக்குத் தூக்கிச் செல்வோர் உண்டு. புதிதாக இன்வெர்ட்டர் வாங்குவோர் ‘சைன் வேவ்’ வகையா என்று கேட்டு வாங்குதல் நலம். விலை கூடுதல்தான்.

ஸ்கிரீன் சேவர் என்னும் நகரும் படங்களைப் பற்றி நீண்டு பேச ஏதுமில்லை. பழைய குழாய்த் திரைகளில் ஒரே உருவம் நெடுநேரம் நின்றால் அதன் தழும்பு பதிந்துவிடும் என்பதற்காக வந்தவை அவை. தட்டைத் திரையில் மீன் நீந்தினாலும் மலர் விரிந்தாலும் பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கிறது. மின்சாரம் மிச்சமாவதில்லை.

இவ்வளவுக்கும் அடிப்படை, ‘வந்தபடியே’ இருக்கும் அமைப்பை நாம் திறந்து பார்ப்பதில்லை என்பதே. மனிதரின் இந்தச் சுபாவம் நன்மைக்கும் பயன்படும். 2020 ஜனவரி முதல் அறைக் குளிர்சாதனங்கள் 24 பாகையில் தொடங்குமாறு வடிவமைக்கப்பட வேண்டும் என்று அரசு விதித்தது இதை நன்கு அறிந்துதான். பெரும்பாலோர் மாற்றமாட்டார்கள், மின்சாரம் மிச்சமாகும். ஆனால் குளிர்சாதனத்தில் வெக்கை தெரிந்தால் பொத்தானை அழுத்திக் குறைத்துக்கொள்கிறோம். கணினியின் கருவி உறங்குவது உடம்புக்குத் தெரிவதில்லை. அதனால் குற்றம் வேறெங்கோ, பெரும்பாலும் எதிரே அமர்ந்திருப்பவரிடம், இருப்பதாக எண்ணிவிடுகிறோம்.

எங்கள் கிளையில் பிறகு செய்தது இதுதான். எல்லாக் கணினிகளிலும் ஐந்து நிமிடத்தில் திரை அணையவும் பூட்டிக்கொள்ளவும் வைத்தோம். பணி நேரத்தில் கணினி முழுமையாக உறங்குவதை நிறுத்தினோம். மாலையில் கடைசியாகச் செல்பவர் அனைத்தையும் அணைத்துச் சுவரிலுள்ள விசையையும் நிறுத்த வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் அணைப்பதற்கு முன் ஒருமுறை ரீஸ்டார்ட். விரல் ரேகைக் கருவியும் கையெழுத்துக்குரிய மின்னணு டோக்கனும் செருகும் துளைகளில் மட்டும் அந்தச் சரிக்குறியை எடுத்துவிட்டோம். வெளியூர்க் கணக்குக்காரர்களுள் முதல் இரு நாட்களில் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் தொலைபேசி எண்கள் கிடைத்தவரை தேடி அழைத்தோம். பெரும்பாலோர் மறுபடி வந்தனர். இருவர் வேறு வங்கிக் கிளையில் முடித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஓர் அம்மையார், ரேகை தேய்ந்துவிட்டதால் ஓய்வூதியம் நின்றுவிடுமோ என்று இரண்டு இரவுகள் உறங்கவில்லை என்றார்.

2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே சான்றிதழ் பெறும் வசதியும் வந்துவிட்டது. திறன்பேசி இருந்தால் வீட்டிலிருந்தே முடிக்கலாம். ஆயினும் வரிசை முற்றிலும் மறைந்துவிடவில்லை. திருச்சிப் பெரியவர் மறு ஆண்டும் மகள் வீட்டிற்கு வந்திருந்தார். முகக்கவசத்தோடு வந்து நாற்காலியில் அமர்ந்ததும், முதலில் கருவியின் விளக்கைத்தான் பார்த்தார். பிறகே விரலை வைத்தார்.